தீக் குடாவுக்கு இறங்கும் பாதை

கடலைக் காணச் சென்றவர்கள் மலைப்பாதையைப் பற்றி எழுதுவது சற்று விந்தையாகத் தோன்றலாம். தஸ்மேனியாத் தீவின் கிழக்குக் கரையிலுள்ள சென்ற் ஹெலன்ஸ் என்னும் மீன்பிடி நகரத்துக்கு நாம் சென்றது, அதன் அயலிலுள்ள வெண்மணற் கரைகளின் புகழைக் கேட்டேயாம். ஆனால் திரும்பும்போது நம் நெஞ்சில் நிறைந்திருந்தது கடலன்று. மலைமேற் புறப்பட்டு, காடுகளினூடே வளைந்து நெளிந்து, கடல் மணலருகே வந்து முடியும் ஓர் ஒடுங்கிய பாதையே நம் நெஞ்சை ஆட்கொண்டிருந்தது. அது துவிச்சக்கர வண்டிகளுக்கென்றே வெட்டப்பட்ட பாதை.

சைக்கிள் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது, சந்தைக்கும் பள்ளிக்கும் வேலைத்தலத்துக்கும் மனிதரைச் சுமந்து செல்லும் எளிய ஊர்தியே. அதனை மலைமேல் ஏற்றி, கல்லும் வேரும் நிறைந்த சரிவுகளில் இறக்கி மகிழும் விளையாட்டு, 1970-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள தமல்பயிஸ் மலையில், இளைஞர் சிலர் தடித்த ரயர் பூட்டிய பழைய சைக்கிள்களில் இறங்கி விளையாடியதிலிருந்து வளர்ந்தது. இன்று அதற்கெனவே உறுதியான சட்டமும், அதிர்ச்சி தாங்கும் முன்கவையும் கொண்ட வண்டிகள் உலகெங்கும் செய்யப்படுகின்றன. விளையாட்டு வளர்ந்த இடமெல்லாம் இரண்டு கேள்விகளும் உடன்வளர்ந்தன. ஆயிரமாயிரம் சில்லுகள் ஓடும் பாதையை மலை எவ்வாறு தாங்கும்? அப்பாதையால் வரும் பயன் அயலில் வாழும் மக்களைச் சேருமா? இவ்விரு கேள்விகளையும் எதிர்கொண்டு நிற்கும் ஊர் சென்ற் ஹெலன்ஸ். ஆகவேதான் அதனைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

ஈயம் போன ஊர்கள்

அவுஸ்திரேலியப் பெருநிலத்துக்குத் தெற்கே, பாஸ் நீரிணைக்கு அப்பால் உள்ளது தஸ்மேனியா. பரப்பில் அது நமது இலங்கையினும் சற்றே பெரிது. மக்களோ ஆறு இலட்சத்துக்கும் குறைவு. தீவின் வடபாலுள்ள லோன்செஸ்ரன் நகரிலிருந்து காலையிற் புறப்பட்ட நாம், ஸ்கொட்ஸ்டேல் என்னும் ஊரைக் கடந்து, மலைகளிடையே வளைந்து செல்லும் தஸ்மான் நெடுஞ்சாலையில் டேர்பி என்னும் சிற்றூரை அடைந்தோம். சென்ற் ஹெலன்ஸின் கதையை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் டேர்பியின் கதையை முதலில் அறிதல் வேண்டும்.

ரிங்கறூமா ஆற்றங்கரையிலுள்ள இவ்வூர் வெள்ளீயத்தால் வாழ்ந்த ஊர். 1870-ஆம் ஆண்டுகளில் தஸ்மேனியாவின் வடகிழக்கு மலைகளில் வெள்ளீயம் கண்டெடுக்கப்பட்டதும், பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். சீனத் தொழிலாளரும் பெருந்தொகையாக வந்தனர். அயலிலுள்ள வெல்ட்பரோ என்னும் ஊரில் அவர்கள் அமைத்திருந்த வழிபாட்டிடத்தின் பொருள்கள் இன்றும் லோன்செஸ்ரன் அரும்பொருட்சாலையிற் காக்கப்படுகின்றன. டேர்பியின் பிரைசிஸ் சுரங்கம் புகழ்பெற்றிருந்தது. 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் திகதி, பெருமழையைத் தாங்கமாட்டாது சுரங்கத்துக்கு நீர் வழங்கிய அணை உடைந்தது. வெள்ளம் 14 உயிர்களைக் கொண்டு போயிற்று. அதன்பின் சுரங்கம் பழைய நிலையை எய்தவே இல்லை. காலப்போக்கில் ஈயத்தொழில் ஓய்ந்தது. வேலை தேடி இளைஞர் வெளியேறினர். ஊரில் இருநூறு பேரளவிலேயே எஞ்சினர்.

இந்நிலையிலேதான் 2015-ஆம் ஆண்டில் அங்கு மலைச் சைக்கிட் பாதைகள் திறந்துவைக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில், 2017-இல், உலகத் தொடர்ப் போட்டியொன்று டேர்பிக்கு வந்தது. பூட்டிக் கிடந்த கடைகள் திறந்தன. நாம் சென்ற அன்றும் தெருவெங்கும் சேறு தெறித்த வண்டிகளும், தலைக்கவசம் அணிந்த இளைஞர்களும், தேநீர்ச்சாலை வாயிலில் நீண்ட வரிசையுமாக ஊர் களைகட்டியிருந்தது.

ஆனால், தேநீர் அருந்தியபடி ஊர்வாசிகள் இருவரோடு உரையாடியபோது, நாணயத்தின் மறுபக்கத்தையும் கண்டோம். வீடுகளின் விலை உயர்ந்துவிட்டது. பல வீடுகள் வந்துபோகும் பயணிகள் இரண்டு மூன்று இரவுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. கடைகளில் வேலை செய்வோர்க்கு ஊரிலே வாடகை வீடு அகப்படுவது அரிதாகிவிட்டது என்று அவர்கள் கூறினர். அவர்கள் முறையிட்டது பாதையைப் பற்றியன்று. பாதையைத் திட்டமிட்டபோது காட்டை அளந்தவர்கள், ஊரிலுள்ள வீடுகளை எண்ணிப் பார்க்கவில்லை என்பதே அவர்தம் குறை. அச்சொல்லை மனத்திற்கொண்டு மேலே புறப்பட்டோம்.

நீரின் குணம்

வெல்ட்பரோவைக் கடந்ததும் மலைச்சாலையின் இருமருங்கும் மேர்ட்டில் மரங்களும் மரப்பன்னங்களும் செறிந்த ஈரக்காடு சூழ்ந்தது. அதற்கப்பால், கிளைச்சாலை வழியே ஏறி, புளூ ரியர் என்னும் மேட்டுநிலத்தை அடைந்தோம். அங்கே பொய்மினா என்றோர் ஊர் முன்பு இருந்தது. ஈயம் இருந்தவரை வீடும் கடையும் இருந்தன. ஈயம் தீர்ந்ததும் ஊரும் தீர்ந்தது. இன்று குளிர்காற்றில் அசையும் புதர்களும் பழைய குழிகளுமே எஞ்சியுள்ளன. அந்த வெறுமையின் நடுவேதான் நாம் தேடிச் சென்ற பாதை தொடங்குகின்றது. தீக் குடாப் பாதை எனப் பெயர்பெற்ற அது, அங்கிருந்து 42 கிலோமீற்றர் ஓடி, கடற்கரையில் முடிகின்றது.

நம்முடன் வந்த இளையோர் இருவர் வாடகைச் சைக்கிள்களில் ஏறிப் புறப்பட்டனர். நாம் பாதையின் தலைவாயிலில் நின்றோம். அங்கே மண்வெட்டியோடு பராமரிப்பு வேலையில் ஈடுபட்டிருந்த நடுவயதினர் ஒருவர், நமது ஆவலைக் கண்டு, தம் கையிலிருந்த போத்தல் நீரைப் பாதையின்மேல் மெல்ல ஊற்றினார். நீர் பாதை வழியே ஓடாது, குறுக்கே வழிந்து பள்ளப்பக்கப் புல்லுக்குள் மறைந்தது. இதுவே தம் தொழிலின் முழு இரகசியமும் என்று கூறி நகைத்தார். பின்னர் அவர் விளக்கியவற்றையும், நாம் முன்பு அறிந்திருந்தவற்றையும் சேர்த்து, மாணவர்களின் நன்மைக்காக இங்கே சுருக்கிக் கூறுவோம்.

மலைப்பாதையை அழிப்பது சில்லு என்றே பலர் எண்ணுவர். சில்லு மண்ணை இளக்குவது உண்மையே. ஆனால் இளகிய மண்ணைக் கொண்டு செல்வது நீர். சரிவின் உச்சியிலிருந்து அடிவரை நேர்கோட்டில் பாதை வெட்டினால், மழைநீருக்கு அதுவே வாய்க்காலாகிவிடும். முதல் மாரியில் கோடு விழும். மறு மாரியில் அது பள்ளமாகும். அதன்பின் சைக்கிளோட்டிகள் பள்ளத்தைத் தவிர்த்து ஓரத்தால் ஓட, பாதை அகன்று காட்டைத் தின்னும். மாறாக, முற்றிலும் சமதரையிற் பாதை அமைத்தாலும் தீங்குதான். நீர் வடிய வழியின்றித் தேங்கிச் சேறாகும்.

ஆகவே, பாதை சரிவுக்குக் குறுக்காக, மலையின் இடுப்பைச் சுற்றிக் கட்டிய கயிறுபோல், மெல்லச் சாய்ந்து செல்லவேண்டும். இதற்குச் சில எளிய அளவுகள் உண்டு. பாதையின் சாய்வு, அது கடக்கும் மலைச்சரிவின் சாய்வில் அரைவாசிக்கு மேற்படலாகாது. சரிவு நூற்றுக்கு இருபது வீதமாயின், பாதை பத்து வீதத்துக்கு மேற்படலாகாது. மொத்தமாக எடுத்துப் பார்க்கும்போதும், பத்து மீற்றர் ஓடினால் ஒரு மீற்றருக்கு மேல் ஏற்றமோ இறக்கமோ இல்லாதிருத்தல் நன்று. பாதையின் தளம் பள்ளப்பக்கமாக ஐந்து வீதமளவு சாய்ந்திருக்கவேண்டும். இறங்கிக்கொண்டே செல்லும் பாதை, இடையிடையே சிறிது ஏறி, மீண்டும் இறங்கவேண்டும். அந்தச் சிற்றேற்றத்தின் அடியில் நீர் நின்று திரும்பிப் பாதையைவிட்டு வெளியேறிவிடும். ஓட்டுவோருக்கு அது அலைமேல் செல்வது போன்ற இன்பத்தை அளிக்கும். மலைக்கோ அது பாதுகாப்பு.

நமது மலைநாட்டுத் தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, மழைநீரின் வேகத்தை அடக்கி, தேயிலைச் செடியின் வேரடி மண்ணைக் காத்துவரும் தொழிலாளரின் கைத்திறனை அறிந்தவர்களுக்கு இவ்வறிவு புதியதன்று. நீரை எதிர்த்து வெல்ல முடியாது, அதற்கு நல்வழி காட்டலாம் என்பதே இரண்டு இடத்துக்கும் பொதுவான பாடம்.

இந்தக் கரையோர மலைகளில் அப்பாடத்துக்கு மேலும் ஒரு கடுமை உண்டு. இங்குள்ள பாறை பெரும்பாலும் கருங்கல். அது சிதைந்து பருமணலாகியிருக்கின்றது. அம்மணல் நீரை விரைவில் வடியவிடுவதால், மழை ஓய்ந்த சிறிது நேரத்திலேயே பாதை காய்ந்துவிடும். ஆனால் பிடிப்பில்லாத மண்ணாதலால் நீர் ஓடத் தொடங்கினால் விரைவில் அரித்துவிடும். ஆதலாற்றான் செங்குத்தான இடங்களிலும் திருப்பங்களிலும் கல்லடுக்கித் தளமிடுகிறார்கள். கல் அடுக்குவது மெதுவான வேலை. பொறுமையும் அலவாங்கும் வேண்டும். எனினும் ஒருமுறை நன்றாக அடுக்கினால் நெடுங்காலம் நிற்கும்.

ஊருக்கேற்ற சுற்றுக்கள்

மலையினின்று இறங்கி மாலையில் சென்ற் ஹெலன்ஸை அடைந்தோம். ஜோர்ஜஸ் குடாவின் அமைதியான நீர்க்கரையில் அமைந்த சிறு நகரம் அது. துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் அசைந்தாடின. குடாவிற் சிப்பி வளர்ப்பும் நடைபெறுகின்றது. கோடையில் இந்நகரத்தில் கடலாட வருவோர் நிறைவர். குளிர்காலத்திலோ தெருக்கள் உறங்கும். கோடையின் வருவாயைக் கொண்டு ஆண்டு முழுவதும் வாழ்வதென்பது கரையோரச் சிற்றூர்கள் பலவற்றுக்கும் உள்ள துன்பம். அத்துன்பத்துக்கு ஒரு மருந்தாகவே, டேர்பியின் வளர்ச்சியைக் கண்ட இவ்வூர் தானும் பாதைகளை அமைத்தது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவை திறக்கப்பட்டன.

தீக் குடாப் பாதையைவிட, நகரின் தெற்கே காட்டில் 66 கிலோமீற்றர் நீளமான சுற்றுப்பாதைகளும் உள்ளன. அவற்றின் அமைப்பை மறுநாட் காலையிற் பார்த்தோம். எல்லாப் பாதைகளும் ஃபிளாக்ஸ்ராஃப் என்னும் ஒரே தலைவாயிலிற் புறப்பட்டு அங்கேயே திரும்பிவருகின்றன. அருகில் சிறிய, இலகுவான சுற்றுக்கள். அவற்றுக்கப்பால் நீண்ட, கடினமான சுற்றுக்கள். வாழைப்பூவின் மடல்போல் ஒன்றையொன்று தழுவியிருக்கும் இவ்வமைப்பினால், ஒரு குடும்பத்தின் சிறுவரும் பெரியோரும் ஒரே இடத்திற் புறப்பட்டு, தத்தம் வலிமைக்கேற்ப ஓடி, மீண்டும் ஒரே இடத்திற் கூடலாம். பச்சை வட்டம் இலகு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம் என, பனிச்சறுக்கு விளையாட்டிலிருந்து கடன்வாங்கிய குறிகள் வழிகாட்டுகின்றன. வாகனத் தரிப்பிடமும் கழிப்பிடமும் ஓரிடத்தில் அமைந்தாற் போதும்; விபத்து நேர்ந்தாலும் உதவி எங்கே வரவேண்டும் என்பது தெளிவாக இருக்கும். காட்டுத்தீ அஞ்சத்தக்க அந்நாட்டில் இது சிறிய நன்மையன்று. 2006 டிசம்பரில் அயலூரான ஸ்கமாண்டர்ப் பகுதியில் தீ பரவி வீடுகள் எரிந்ததை அங்குள்ளோர் மறக்கவில்லை.

தலைவாயிலிலிருந்து நகருக்கு ஓர் இணைப்புப் பாதையும் உண்டு. சிறிய காரியமாகத் தோன்றினும் இதிலேதான் ஊரின் நலம் தங்கியிருக்கின்றது. காட்டிலேயே காரை நிறுத்தி, ஓடி முடித்து, அப்படியே வீடு திரும்புகிறவனால் ஊருக்கு என்ன பயன்? பசியோடு நகருக்குள் வந்து, மீனும் அப்பமும் வாங்கி உண்டு, இரவு தங்குகிறவனாலேதான் பயன். நல்ல பாதை நீரை நிற்கவிடாது. வந்தவரைச் சற்று நிற்கச்செய்யும்.

எங்கே செல்லலாகாது

பாதை எங்கே செல்லவேண்டும் என்று அறிவது திட்டத்தின் பாதி. எங்கே செல்லலாகாது என்று அறிவது மறுபாதி. தஸ்மேனியாவின் ஆப்புவாற் கழுகு அழிவை எதிர்நோக்கும் பறவை. குஞ்சு பொரிக்கும் காலத்தில் மனிதரின் நடமாட்டத்தைக் கண்டால் கூட்டையே கைவிட்டுவிடும் இயல்புடையது. ஆகவே கூடுள்ள மரத்தை நெருங்காது பாதை ஒதுங்கிச் செல்லவேண்டும். கடற்கரை மணலிலோ, முகமூடியணிந்தாற்போன்ற கருந்தலைச் சிறு பறவையொன்று கூடுகட்டாமல் வெறுந்தரையிலேயே முட்டையிடும். சில்லுகளை அங்கே விடலாகாது.

கண்ணுக்குத் தெரியாத பகையொன்றும் உண்டு. மண்ணில் வாழ்ந்து வேரை அழுகச்செய்யும் பைற்றொப்தோரா என்னும் நுண்ணுயிர், சில்லிலும் சப்பாத்திலும் ஒட்டிய சேற்றோடு ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குப் பரவுகின்றது. கரையோரப் புதர்நிலத்துச் செடிகள் பல அதனால் மடிகின்றன. வந்தபின் அதனை அகற்ற வழியில்லை. ஆதலால், ஓடுவதற்கு முன்னும் பின்னும் வண்டியைக் கழுவுவது அங்கே வெறும் துப்புரவன்று. காட்டுக்குச் செய்யும் மரியாதை.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் காக்கப்படவேண்டியது ஒன்றுண்டு. சுவிம்கார்ட் கடற்கரையில், பாதை முடியும் இடத்தில், நம் இளையோரின் வருகைக்காக முதல்நாள் மாலை காத்திருந்தபோது அதனை எண்ணினோம். அங்குள்ள கருங்கற் பாறைகளின்மேல் செம்மஞ்சள் நிறக் கற்பாசி படர்ந்து, அந்தி வெயிலில் தணல்போல் ஒளிர்ந்தது. தீக் குடா என்னும் பெயர் அதனால் வந்ததென்றே பலரும் நினைப்பர். உண்மை வேறு. 1773-ஆம் ஆண்டில், கப்பற்றலைவர் ரொபாயஸ் ஃபர்னோ இக்கரையோரமாகச் சென்றபோது, கரைநெடுகிலும் தீ எரிவதைக் கண்டு அப்பெயரை இட்டார். அத்தீயை மூட்டியவர்கள் இந்நிலத்தின் ஆதிக்குடிகள். பிற்காலத்தில் குடியேறியவர்களால் அவர்கள் தம் நிலத்திலிருந்து விரட்டப்பட்டனர். ஆயினும் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவில் வாழ்கின்றனர். தம் மொழியில் இக்கரையை லாரபுனா என வழங்குகின்றனர். அவர்தம் முன்னோர் உண்டு எறிந்த சிப்பிகளின் குவியல்கள் மணல்மேடுகளில் இன்னும் கிடக்கின்றன. அறியாதார்க்கு அவை வெறும் ஓடுகள். அறிந்தார்க்கு அவை பல்லாயிரம் ஆண்டுகளின் ஏடுகள். ஒரு சில்லு ஒரு முறை அறுத்தாலும் அவ்வேடு மீளாது. எனவே இத்தகைய கரையில் ஒரு பாதையைக் கீறுமுன், அந்நிலத்துக்குரிய மக்களைக் கேட்பதே முதற்கடமை.

மண்வெட்டி யார் கையில்?

பாதை வெட்டுவதற்கு அரசு மானியம் கிடைக்கலாம். திறப்புவிழாவுக்கு அமைச்சர்களும் வரலாம். ஆனால் மூன்றாம் ஆண்டில் மழை பெய்து திருப்பம் இடிந்தால், அதனைச் சீராக்கும் செலவு உள்ளூராட்சி மன்றத்தின் தலையில், அதாவது சோலைவரி இறுக்கும் மீனவனின் தலையிலும் முதியோரின் தலையிலும் விழும். ஆகவே, எத்தனை கிலோமீற்றர் வெட்டலாம் என்று கேட்பதிலும், எத்தனை கிலோமீற்றரை ஆண்டுதோறும் பேண முடியும் என்று கேட்பதே அறிவு. நூறு கிலோமீற்றர் பாழ்பட்ட பாதையிலும் முப்பது கிலோமீற்றர் செம்மையான பாதை ஊருக்குப் புகழ் தரும்.

வெளியூராரை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தையும் காலம் விரைவில் காட்டிற்று. பாதைகள் திறந்து நான்கு மாதங்களில், 2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றின் பொருட்டுத் தஸ்மேனியா தன் எல்லையை மூடிற்று. பயணிகள் வரவு நின்றது. அத்தகைய காலத்தில் ஊருக்கு எஞ்சுவது, ஊர்ப் பிள்ளைகள் தாமே ஓடி மகிழக்கூடிய பாதைகள் மட்டுமே. விருந்தினருக்காகக் கட்டிய திண்ணையாயினும், வீட்டார் அமரவும் அது உதவவேண்டும்.

சுவிம்கார்ட் கரையில் நம் இளையோர் இருவரும் சேறு படிந்த முகத்தோடு வந்து சேர்ந்தபோது பொழுது சாயும் தறுவாய். குளிர்ந்த மேட்டிலிருந்து ஈரக்காட்டுக்குள் புகுந்து, பின் வறண்ட யூக்கலிப்ரஸ் காட்டைக் கடந்து, கடலின் மணம் வீசும் புதர்நிலத்துக்கு வந்ததை மூச்சுவாங்கச் சொன்னார்கள். ஒரே பகலில் நான்கு நாடுகளைக் கடந்தாற்போல் இருந்ததாம். அவர்கள் கடலில் இறங்கிக் கால்நனைத்தபோது, பொய்மினாவை நினைத்தோம். நிலத்திலிருந்து எடுப்பதையே நம்பிய ஊர், எடுக்க ஒன்றுமில்லாதபோது இல்லாமற் போயிற்று. அதே இடத்திற் தொடங்கும் இப்பாதையோ நிலத்திலிருந்து எதையும் எடுக்காமலே மனிதரை வரவழைக்கின்றது. ஆனால் நீருக்கு வழிவிட்டு, பறவைக்கு இடம்விட்டு, மூத்த குடிகளின் ஏட்டைக் காத்து, உழைப்போர்க்கு வீடும் விட்டுவைத்தாலன்றோ அவ்வூர் பொய்மினாவின் வழியிற் செல்லாதிருக்கும்?

திரும்பும் வழியில் மீண்டும் புளூ ரியருக்குச் சென்றோம். முதல்நாள் கண்ட அந்தப் பராமரிப்பாளர் அதே திருப்பத்தில் மண்வெட்டியோடு நின்றார். நேற்றிரவு பெய்த மழையில் நீர் எவ்வழி சென்றது என்று பார்க்க வந்தேன் என்றார். நாமும் குனிந்து பார்த்தோம். பாதை காய்ந்திருந்தது; பள்ளப்பக்கப் புல் மாத்திரம் நனைந்திருந்தது.